சம்பளம், வேலை, நிரந்தரம்: நகராட்சியோடு தகராறு என்றால் எந்த வாசலில் மனுக் கொடுப்பது?

கோடையில் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தால் அங்கே இரண்டு சீருடைகள் நிற்கும். தண்ணீர் பீய்ச்சுகிறவர் தீயணைப்பு வீரர். புகையை விழுங்கிக்கொண்டு குப்பையைக் கிளறிவிடுகிறவர் தூய்மைப் பணியாளர். இருவரும் ஒரே ஊரைக் காப்பவர்கள். ஆனால் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ தகராறு வந்தால் இருவருக்கும் சட்டம் திறந்துவிடும் வாசல்கள் வேறு வேறு. ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் நகராட்சிகளிலும் மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளிலும் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் எந்த வாசலை முதலில் தட்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. துப்புரவு, குடிநீர் மோட்டார், தெருவிளக்கு என எந்தப் பிரிவானாலும் கணக்கு பெரும்பாலும் ஒன்றே.

தீயணைப்பு வீரர் நிலையை முதலில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. ராமேஸ்வரம் நிலையத்தில் இருப்பவருக்கும் நகராட்சி ஆணையருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு கிடையாது. அவர் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரை வேலைநிறுத்தம் செய்ய விடாது. 2003இல் தமிழக அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. மாநில நிர்வாகத் தீர்ப்பாயமும் 2006இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே மேலதிகாரிக்கு முறையீடு, அரசுக்கு முறையீடு, அதன்பின் நேரே உயர் நீதிமன்றம்: இவ்வளவுதான் அவருக்கு வழி.

இதற்குத் தீயணைப்பு வேலையின் இயல்பு காரணம் என்று நினைத்தால் அது தவறு. 1960இல் நாக்பூர் மாநகராட்சி வழக்கில், மாநகராட்சி நடத்தும் தீயணைப்புப் பிரிவும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளி நகராட்சியாக இருந்தால் தொழிலாளர் சட்டம் வரும். அரசாக இருந்தால் பணி விதிகள் வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1968இல் போலீசுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் ஒரு சட்டம் போட்டது. வேலைநிறுத்தத்துக்குப் பதிலாக, பேச்சுவார்த்தை முறிந்தால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பைக் கேட்டுப் பெறும் உரிமையை அது கொடுத்தது. இங்கே வேலைநிறுத்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள், நடுவர் தீர்ப்பு உரிமையைக் கொடுக்கவில்லை. இது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. சட்டம் மாறாதவரை தீயணைப்பு நிலைய ஊழியர் கீழே வரும் வழிகளைத் தனக்கானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி ஒப்பந்தத் தொழிலாளர் விஷயம்.

தகராறை மூன்றாகப் பிரியுங்கள்

சங்கங்கள் கொடுக்கும் மனுக்களில் அடிக்கடி காணும் குறை, பத்துக் கோரிக்கைகளை ஒரே தாளில் அடுக்குவது. குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., மழைக்கோட்டு, பணிநிரந்தரம், ஒப்பந்த முறை ரத்து, மேற்பார்வையாளரின் வசைச்சொல் எல்லாம் ஒரே மனுவில் இருக்கும். அதை வாங்குகிற எந்த அதிகாரியும் ‘இதில் பாதி என் அதிகாரத்தில் வராது’ என்று திருப்பிவிட முடியும். திருப்பியும் விடுகிறார்கள்.

பிரிக்க வேண்டிய விதம் இது. ஒன்று, ஏற்கெனவே உழைத்து முடித்த நாளுக்கு வர வேண்டிய பணம். இரண்டு, கையில் இருக்கும் வேலை: ஒப்பந்ததாரர் மாறும்போது வெளியே தள்ளப்படுவது, சங்கம் வைத்ததால் நிறுத்தப்படுவது. மூன்று, நிரந்தரம், சம வேலைக்குச் சம ஊதியம் போன்ற அந்தஸ்துக் கோரிக்கைகள். முதலாவதுக்கு ஆவணம் இருந்தால் போதும், மாதங்களில் முடிக்கலாம். இரண்டாவதுக்கு வேகம் வேண்டும். மூன்றாவது வருடக்கணக்கில் இழுக்கும். மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் முதலாவதும் மூன்றாவதின் வேகத்தில்தான் நகரும்.

ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை

மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. செலவில்லை, வக்கீல் வேண்டாம், மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். ஆனால் அந்த மனு அங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். நகராட்சி பற்றிய புகார் நகராட்சி ஆணையருக்கே அறிக்கை கேட்டு அனுப்பப்படுகிறது. ‘மேற்படி நபர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், நகராட்சிக்குத் தொடர்பில்லை’ என்று இரண்டு வரிப் பதில் வந்ததும் மனு முடிக்கப்பட்டதாகிவிடும். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிவு செய்தாலும் பாதை ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் வீண் வேலையா? இல்லை. அந்தப் பதில் கடிதம் ஒரு சாட்சி. ‘தொடர்பில்லை’ என்று எழுத்தில் வந்துவிட்டால், அதே நகராட்சி கொடுத்த அடையாள அட்டையையும், சுகாதார ஆய்வாளர் வாட்ஸ்அப்பில் போட்ட வார்டு ஒதுக்கீட்டையும் அதன் பக்கத்தில் வைக்கலாம். ஒரு தடவை கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு திங்களும் கூலியை இழந்து போய் நிற்க வேண்டாம்.

பணம்: ஊதியக் கோரிக்கையா, பி.எஃப். புகாரா?

இங்கேதான் மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் ஊரில் நடப்பு ஆண்டு விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.

நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 13,000. தொழிலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,560. இதைப் பிடித்தால் கைக்கு 11,440 வர வேண்டும், அதாவது நாளுக்கு 440. முதலாளியின் பங்கும் 12 சதவீதம்தான், ஆனால் அது முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டியது. அதையும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்தால் கைக்கு வருவது 9,880. நாளுக்குச் சரியாக 380.

‘கையில் 380தான் வருது’ என்று ஒருவர் சொன்னால் உடனே குறைந்தபட்ச ஊதியம் தரவில்லை என்று மனு எழுதிவிடாதீர்கள். மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். ஒப்பந்தத்திலேயே 380 என்று எழுதியிருக்கலாம். 500 என்று எழுதி இரண்டு பங்கையும் தொழிலாளியிடமே பிடித்திருக்கலாம். அல்லது 3,120 ரூபாயைப் பிடித்துவிட்டு பி.எஃப். கணக்கில் ஒரு பைசாவும் கட்டாமல் இருக்கலாம். மூன்றுக்கும் வாசல் ஒன்றல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து ஒரு மாத வரியைப் பாருங்கள். 13,000 ஊதியத்துக்கு மூன்று பத்திகளில் இப்படி இருக்க வேண்டும்: தொழிலாளி பங்கு 1,560, முதலாளி பங்கு 477, ஓய்வூதியப் பங்கு 1,083. பின்னிரண்டையும் கூட்டினால் 1,560. ஊதியப் பத்தியில் 13,000க்குப் பதில் 9,000 என்று இருந்தால் ஒப்பந்ததாரர் ஊதியத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார். இடையிடையே மாதங்கள் காணாமல் போயிருந்தால், வேலை பார்த்த ஆளை அந்த மாதம் கணக்கில் காட்டவில்லை என்று அர்த்தம். யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்ணே தெரியாது, பழைய கைபேசி எண் இணைத்திருக்கிறது, ஆதாரில் பெயர் ‘முனியம்மாள்’, பி.எஃப்.இல் ‘முனியம்மா’ என்ற சிக்கல்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. இவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் புகாருக்குப் போக வேண்டும். பெயர் ஒத்துப்போகாத கணக்கில் பணம் வந்தாலும் எடுக்க முடியாது.

கட்டவில்லை, குறைத்துக் கட்டினார் என்றால் பி.எஃப். அலுவலகம். அதன் குறைதீர் இணையதளத்தில் பதிவு செய்து, தொழிலாளர் பட்டியலோடு எழுத்து மூலமும் கொடுக்க வேண்டும். விசாரணை நடத்தி நிலுவையை நிர்ணயித்து, வட்டியும் தண்டத் தொகையும் சேர்த்து வசூலிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. இந்த வழியின் பெரிய பலம், ஒப்பந்ததாரர் ஓடிப்போனாலும் முதன்மை முதலாளியான, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட, நகராட்சியிடமே கேட்கலாம் என்பது. தனி ஆளாகப் போவதைவிட நாற்பது பேரின் பட்டியலோடு போனால் ‘ஒரு நிறுவனத்தின் தவறு’ என்ற கோணத்தில் கோப்பு திறக்கும். பலவீனம், கைக்கு உடனே பணம் வராது, கணக்கில்தான் ஏறும்.

இரண்டு பங்கையும் பிடித்தார், குறைந்தபட்ச ஊதியம் தரவில்லை, சம்பளமே தாமதம் என்றால் ஊதியக் கோரிக்கை மனு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் இது இப்போது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆம் பிரிவு. மனுக் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம். முன்பு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது. நிர்ணயித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு. அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். 2025 நவம்பருக்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய ஆறு மாத வரம்புதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் முதல் நாளே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன கணக்கில் முறையற்ற பிடித்தம் மாதம் 1,560. மூன்று ஆண்டுக்கு ஒருவருக்கு 56,160. நாற்பது பேருக்கு 22,46,400. இந்த எண்ணை மனுவின் முதல் பக்கத்திலேயே, ஆள் வாரியான இணைப்பு அட்டவணையோடு எழுத வேண்டும். ‘உரிய ஊதியம் வழங்க வேண்டும்’ என்று மட்டும் எழுதிய மனு விசாரணைக்கு வரும்போது கணக்குக் காட்ட இன்னும் மூன்று வாய்தா போகும்.

விகிதம் எது என்பதிலும் ஒரு சண்டை வரும். உள்ளாட்சி அமைப்புகளில் வேலை செய்வோருக்குத் தொழிலாளர் துறை 11.10.2017 தேதியிட்ட அரசாணை (2டி) எண் 62 மூலம் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. அதன்மேல் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் அறிவிக்கும் தினக்கூலி விகிதம் வேறொன்று. ஒப்பந்தப் புள்ளி இரண்டாவதை வைத்துப் போடப்பட்டிருக்கும், சங்கம் முதலாவதைக் கேட்கும். எதைக் கேட்கிறோம் என்று மனுவில் ஒரே நிலைப்பாடாக இருங்கள். குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு சட்டப்படியான தரைமட்டம். அதற்குக் கீழே எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆட்சியர் விகிதம் அதைவிடக் கூடுதலாக இருந்து, அதன்படி ஒப்பந்தம் போடப்பட்டிருந்தால் அந்தக் கூடுதலைக் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் தராவிட்டால் நகராட்சி தர வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே மனுவில் ஒப்பந்ததாரர் முதல் எதிர்மனுதாரர், நகராட்சி ஆணையர் இரண்டாம் எதிர்மனுதாரர். ஆணையரை விட்டுவிட்டுப் போட்ட மனு, ஒப்பந்த நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்ததோடு நின்றுபோகும்.

ஆவணத்துக்குத் தகவல் உரிமை மனு

மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டின் நகல் தொழிலாளி கையில் இருக்காது. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். கேட்க வேண்டியவை: ஒப்பந்தப் பணி ஆணை, ஒப்பந்தப் பத்திர நகல், அதில் உள்ள ஆள் எண்ணிக்கையும் ஆளுக்கான விகிதமும், கடந்த 36 மாதங்களில் ஒப்பந்ததாரர் கொடுத்த பில்கள், ஒவ்வொரு பில்லோடும் இணைத்த பி.எஃப். சலானும் ஆள் வாரிப் பட்டியலும். ‘ஏன் சம்பளம் தரவில்லை’ என்று கேள்வியாகக் கேட்டால் அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பில்லில் 60 பேர், தெருவில் 42 பேர் என்ற நிலை இந்த ஆவணத்தில்தான் வெளிப்படும். அது வெளிவந்த பிறகு பேச்சுவார்த்தை மேசையில் நகராட்சியின் குரல் மாறிவிடும், ஏனென்றால் இனி அது தணிக்கைப் பிரச்சினை. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த மனுவைத் தலைவர் பெயரில் போடாமல், பணியில் இல்லாத சங்க நிர்வாகி அல்லது ஊர்க்காரர் ஒருவர் பெயரில் போடுவது நல்லது. மனுப் போட்ட ஆளைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

சமரச அலுவலர்: மெதுவானது போலத் தெரிந்தாலும் நடு அச்சு இதுதான்

பேச்சுவார்த்தையில் தீராத பிரச்சினையைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழில் தகராறாக எழுப்பலாம். கட்டணம் இல்லை. ‘நகராட்சி தொழில் நிறுவனமே அல்ல’ என்ற வாதத்தை எடுத்த எடுப்பில் வைப்பார்கள். 1960 நாக்பூர் தீர்ப்பும் 1978 பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பும் இதற்குப் பதில்.

2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்பில் இரண்டு மாற்றங்கள் தொழிலாளிக்கு முக்கியம். சமரசம் தோற்றால் அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தோல்வி அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தரப்பினரே நேராகப் போகலாம். அடுத்தது பாதகமானது: தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரசமே நடத்த முடியாது. பணிநீக்கத்துக்கு முன்பு மூன்று ஆண்டு இருந்தது, இப்போது இரண்டு. ‘அடுத்த கமிஷனர் வரட்டும் பார்க்கலாம்’ என்று நாள் கடத்துகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டை நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

சமரசத்தின் உண்மையான மதிப்பு அது கொடுக்கும் காப்பில் இருக்கிறது. நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது தகராறோடு தொடர்புள்ள தொழிலாளியின் பணி நிலைமையைப் பாதகமாக மாற்றக் கூடாது, அனுமதி இல்லாமல் நீக்கக் கூடாது. காஜியாபாத் நகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கைப் பாருங்கள். சமரசம் நிலுவையில் இருக்கும்போதே 2005இல் அவர்களை வாய்மொழியாக நிறுத்தினார்கள். 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று சொல்லி, மீண்டும் வேலையும் பாதிப் பின்சம்பளமும் கொடுக்க உத்தரவிட்டது. வெற்றிதான். ஆனால் இருபது ஆண்டு ஆயிற்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீக்கிய அன்றே ‘இந்தத் தேதியில் வேலைக்கு வந்தோம், உள்ளே விடவில்லை’ என்று பதிவுத் தபாலில் எழுதி, சமரச அலுவலருக்கு நகல் வைப்பதுதான் இந்தக் காப்பை உயிரோடு வைத்திருக்கும் வேலை. சுகாதார ஆய்வாளர் அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் பிறகு ‘தாமாக நின்றுவிட்டனர்’ என்று எழுதிவிடுவார்கள்.

சமரசம் எங்கே கெடுகிறது? நகராட்சி சார்பில் முடிவெடுக்க அதிகாரமில்லாத உதவியாளர் வருவார், ஒப்பந்ததாரர் வரவே மாட்டார். ஒவ்வொரு அமர்வுக்கும் நடவடிக்கைக் குறிப்பு கேட்டு வாங்குங்கள். வராதவர் வரவில்லை என்று அதில் எழுதப்பட வேண்டும். உடன்பாடு வந்தால் அது சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். வெளியே ஆணையர் அறையில் எழுதிக் கொடுக்கும் தாள் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போட்டது எல்லாத் தொழிலாளரையும், பின்னால் சேர்பவரையும் கட்டுப்படுத்தும். செலவு சம்பந்தப்பட்ட உடன்பாட்டுக்கு நகர்மன்றத் தீர்மானம் தேவைப்படும். ‘மன்ற ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தின் தேதியையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வேலைநிறுத்தம்

இந்தக் கடற்கரையில் வேலைநிறுத்தத்துக்கு உள்ள பலம் எல்லோருக்கும் தெரியும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் குவியும். ஈரத்துணி, பிண்ட இலை, பாட்டில் என்று ஒரு வேளை அள்ளாவிட்டாலே கரை தெரியாது. அந்த நாளைக் குறிவைத்தால் நகராட்சி பணியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஏற்க முடியவில்லை. திதி கொடுக்க வந்த வெளியூர்க்காரருக்கும் ஒப்பந்ததாரருக்கும் சம்பந்தமில்லை. அன்று குப்பை கிடந்தால் ஊரின் கோபம் தொழிலாளி மேல்தான் திரும்பும், அந்தக் கோபத்தை நிர்வாகம் ஒரே நாளில் புதிய ஆட்களை இறக்கப் பயன்படுத்திக்கொள்ளும்.

சட்டக் கணக்கும் கறாரானது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தக் கூடாது. கொடுத்து 60 நாளுக்குள் நிறுத்த வேண்டும். நோட்டீசில் குறித்த தேதிக்கு முன் கூடாது. சமரசம் நடக்கும்போதும் முடிந்த ஏழு நாள் வரையும் கூடாது. பழைய சட்டத்தில் துப்புரவு, குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. நோட்டீசுக்குப் பின் சமரச அலுவலர் முதல் கூட்டம் நடத்திய நாளிலேயே சமரசம் தொடங்கியதாகக் கருதப்படும். எனவே நடைமுறையில் 14 நாள் முடிவதற்குள் ஒரு கூட்டம் போட்டுவிட்டால் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தம் என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே வேலைநிறுத்தத்தைவிட வேலைநிறுத்த நோட்டீஸ்தான் நல்ல கருவி. நோட்டீஸ் வந்தால் சமரச அலுவலர் 14 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாத சாதாரணத் தகராறில் 45 நாள். அதாவது அதே வாசல், மூன்றில் ஒரு பங்கு நேரம், கூடவே பணிப் பாதுகாப்பு. பதிவு பெற்ற சங்கத்தின் மூலம், செயலாளரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு, ஆணையர், ஒப்பந்ததாரர், சமரச அலுவலர் மூவருக்கும் ஒரே நாளில் சேர்ப்பிக்க வேண்டும். தேதியை அமாவாசைக்கு ஒரு மாதம் முன்னதாக வையுங்கள். திருவிழா ஏற்பாட்டுக் கூட்டங்கள் நடக்கும் அந்த வாரங்களில் கோப்பு தானாக மேலே வரும். எல்லாம் தோற்று நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், மருத்துவமனைக் கழிவையும் குடிநீர் மோட்டாரையும் நாங்களே விலக்கி வைக்கிறோம் என்று நோட்டீசிலேயே எழுதுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டத்தில் குழாயை நிறுத்துவது ஏழைத் தெருவைத்தான் முதலில் அடிக்கும்.

சாலையோர மறியலின் வரம்புக்கு சென்னை ஓர் உதாரணம். 2025 ஆகஸ்ட் 1 அன்று ரிப்பன் மாளிகை வெளியே தொடங்கிய தூய்மைப் பணியாளர் போராட்டத்தை, நடைபாதை மறிப்பு பற்றிய உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அகற்றியது. கோரிக்கை நியாயமா என்ற கேள்வியைப் பாதை பற்றிய கேள்வி முந்திக்கொண்டது. அனுமதி பெற்ற இடத்தில் உட்காருவதற்கு இதுவே போதுமான காரணம்.

மதுரைக் கிளை

உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அமைப்புக்கு உத்தரவிடும்படி நேரே கேட்கும் மனு) போட்டால் உடனே நீதி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எப்போது அது சரி? உண்மையில் சர்ச்சை இல்லாதபோது. ஒப்பந்தப் பத்திரம் 500 என்கிறது, நகராட்சியே 500 என்று பில் கொடுத்திருக்கிறது, வங்கிக் கணக்கில் 380 ஏறியிருக்கிறது என்றால் உத்தரவு வாங்கலாம். சமரசம் நிலுவையில் இருக்கும்போது நகராட்சி புது டெண்டர் விட்டு ஆட்களை மாற்றுகிறது என்றால் இடைக்காலத் தடை கேட்கலாம். ‘நான் 2014 முதல் வேலை பார்க்கிறேன்’, ‘இல்லை, 2021 முதல்தான்’ என்ற சண்டை இருந்தால், சாட்சி விசாரிக்க வேண்டியது தொழிலாளர் நீதிமன்றம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடிக்கடி கிடைக்கும் உத்தரவு, ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க’ என்பது. கேட்க இனிக்கும். ஆணையர் பரிசீலித்து ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். அதை எதிர்த்து இன்னொரு ரிட் போட வேண்டும். அதனால் வெறும் பரிசீலனை கேட்டு மதுரைக்குப் போவதில் பொருளில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் சுமார் 160 கிலோமீட்டர், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பெண்கள், பட்டியல் சாதியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும். பெரும்பாலான தூய்மைப் பணியாளர்கள் ஏதாவது ஒரு வகையில் இதற்குள் வந்துவிடுவார்கள், ஆனால் கேட்பவர்கள் குறைவு. உத்தரவு கிடைத்து நிறைவேற்றாவிட்டால் அவமதிப்பு மனு ஓராண்டுக்குள் போட வேண்டும்.

நிரந்தரக் கோரிக்கைக்கும் கடைசியில் இந்த வாசல்தான். 2006 உமாதேவி தீர்ப்பு முறைப்படி நியமிக்கப்படாதவரை நிரந்தரமாக்கத் தடையாக நின்றது. மேலே சொன்ன காஜியாபாத் தீர்ப்பு, ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை என்ற கணக்கைத் தருகிறது. ஆனால் அது நகராட்சிக்குப் பொருந்துமா என்பதே முதல் எதிர்வாதமாக வரும். ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்களுக்கு 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் கடினமானது: ஒப்பந்தம் ரத்தானாலும் தானாக உள்ளே சேர்க்க முடியாது, ஒப்பந்தமே போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவை எடுத்தது யார், வேலையைப் பிரித்துக் கொடுத்தது யார், விடுப்பு கேட்டது யாரிடம், தண்டனை கொடுத்தது யார் என்ற நான்கு கேள்விக்கும் ‘நகராட்சி சுகாதார ஆய்வாளர்’ என்று ஆவணத்தோடு பதில் சொல்ல முடிந்தால் வழக்கு நிற்கும். ஆகவே நிரந்தர வழக்குக்கான சாட்சியை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். வழக்கைப் பிறகு போடலாம்.

எங்கள் தேர்வு

முப்பது, நாற்பது பேர் கொண்ட ஒரு சிறு நகராட்சிக் குழுவுக்கு நாங்கள் சொல்வது: முதல் மாதம் பாஸ்புக் பார்ப்பதும் தகவல் உரிமை மனுவும். நகல்கள் வந்ததும் ஊதியக் கோரிக்கை, பி.எஃப். புகார் இரண்டையும் தனித்தனியாக, ஒரே வாரத்தில். வேலை பறிபோகும் அறிகுறி தெரிந்த நிமிடம் நோட்டீசும் சமரசமும். அறிகுறி இல்லையென்றால் அதைக் கையிருப்பில் வையுங்கள். ரிட் ஒரே ஒரு குறுகிய கோரிக்கைக்கு மட்டும்.

பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் தனியாகச் சங்கம் அமைக்க முயல வேண்டாம். மாவட்டத்தில் ஏற்கெனவே பதிவான உள்ளாட்சிச் சங்கம் ஒன்றில் சேருங்கள். எல்லோரும் ஒரே ஒப்பந்ததாரரிடம் இருந்து, ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருந்தால் வரிசை மாறும். அப்போது பழைய பாக்கியைவிட அடுத்த டெண்டர்தான் அவசரம். இப்போது வேலையில் இருப்பவர்களையே புதிய ஒப்பந்ததாரர் எடுக்க வேண்டும், ஊதியத்தை நேராக வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், முந்தைய மாதத்தின் பி.எஃப். சலானும் ஆள் பட்டியலும் இணைக்காத பில்லுக்குப் பணம் தரக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை டெண்டர் ஆவணத்தில் சேர்க்கக் கோரும் மனு, அறிவிப்பு வெளிவரும் முன்பே ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் போய்விட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு நிபந்தனையை மாற்றுவது கடினம், விலைப்புள்ளி திறந்த பிறகு மாற்றவே முடியாது.